பட்டியலில் இன்னும் ஒரு புத்தகம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே, பங்குச் சந்தையில் இறங்கப்போவதாக அவர் தம் மனைவியிடம் அறிவித்தார். உடைகளை அளவு திருத்தித் தருவது அவளுடைய தொழில். யாரோ ஒருவரின் கால்சட்டை ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவளின் கத்தரி பாதியில் நின்றது.

“ஆயுசு பூரா பெட்டி ஏறி இறங்குறதைப் பார்த்தது போதாதா? இனிமே விலை ஏறி இறங்குறதை வேற பார்க்கணுமா?”

“அதேதான். பழகின தொழில் பாரு” என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “காசுக்காக இல்லம்மா. இத்தனை வருஷம் எவனோ கூப்பிட்டான், போனேன். எவனோ சொன்னான், கழட்டினேன், மாட்டினேன். ஒரே ஒரு தடவை நானா யோசிச்சு, நானா முடிவு பண்ணி, என் கையால ஒண்ணை வாங்கணும். அது சரியா தப்பான்னு பார்த்துடணும். அவ்வளவுதான்.”

அவளுக்கு அந்த ஆசை விளங்கியது. ஆனால் அவளுடைய அண்ணனும் ஒரு காலத்தில் அவ்வளவுதான் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். வீடு போயிற்று, அண்ணி பிறந்த வீட்டுக்குப் போனாள், அண்ணன் ஓர் ஒற்றை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர், சாகும்வரை தங்கையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கணவர் அத்தோடு விட்டிருப்பார். அவள் கேட்டு அவர் மறுத்ததில்லை. அதனாலேயே அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

“சரி. ஆனா படிச்சுட்டு இறங்குங்க” என்றாள். “நூலகத்துல பட்டியல் ஒட்டியிருக்காங்க. அதுல உள்ள புத்தகம் எல்லாத்தையும் படிக்கணும். படிச்சதை எனக்குப் புரியிற மாதிரி சொல்லணும். எல்லாம் முடிஞ்சதும் நானே பணத்தை எடுத்துத் தரேன். அதுவரைக்கும் சல்லிக்காசு போடக் கூடாது.”

“வாக்கு” என்று அவர் கையை நீட்டினார். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பற்றினாள்.

நூலகத்துத் திரைச்சீலைகளுக்கு அளவெடுக்கப் போனபோது அவள் கண்ட பட்டியல் அது. சந்தையைக் கற்க விரும்புவோர் படிக்க வேண்டியவை என்று தலைப்பிட்டு, நூலகப் பெண் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு நூலின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறிப்பு: ‘முதலில் இது’, ‘மெதுவாக’, ‘கணக்கு பிடிக்காதவர்களும் படிக்கலாம்’. கடைசி நூலுக்கு, ‘அவசரக்காரர்கள் இதையே முதலில் படிப்பது நல்லது’ என்றிருந்தது.

அவர் வரிசை தவறாமல் படித்தார். தையல் இயந்திரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, படித்ததை அவளுக்கு விளக்கினார். விலைகளை மெழுகுவர்த்தி வடிவத்தில் வரைந்து காட்டும் படங்களைப் பற்றிய நூல்தான் முதலாவது.

“பச்சையா இருந்தா அன்னைக்கு விலை ஏறி முடிஞ்சிருக்கு. சிவப்புன்னா இறங்கி முடிஞ்சிருக்கு.”

“மேலயும் திரி இருக்கு, கீழயும் திரி இருக்கே. எந்தப் பக்கம் பத்த வைக்கிறது?”

“உன் அறிவுக்கு நீ மட்டும் இறங்கியிருந்தா சந்தையையே மூடியிருப்பாங்க.”

இன்னொரு நூல், நட்டத்தை எந்த விலையில் நிறுத்திக்கொண்டு வெளியேற வேண்டும் என்பதைப் பற்றியது. அதை அவர் தம் தொழிலைக் கொண்டே சொன்னார். “கயிறு அறுந்தா லிஃப்ட் கீழ விழுந்துடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. விழாது. வேகம் மிஞ்சினா தண்டவாளத்தைக் கவ்விக்கிற பிடி ஒண்ணு அடியில இருக்கு. இன்ன விலைக்குக் கீழ போனா வித்துடணும்னு முன்கூட்டியே எழுதி வைக்கிறதும் அதே மாதிரி ஒரு பிடிதான்.”

இயந்திரத்தின் சக்கரத்தை அவள் கையால் நிறுத்தினாள். “எங்க அண்ணனுக்கு அந்தப் பிடி இல்லையா?”

“இருந்திருக்கும்மா. நாளைக்கு ஏறிடும்னு நினைச்சு அவரே கழட்டி வச்சிருப்பார்.”

அண்ணனை முட்டாள் என்று சொல்லாத முதல் விளக்கம் அது. அன்று அவள் வழக்கத்தைவிட நேரமெடுத்துத் தைத்தாள்.

சமையலறைச் சுவரில் அவர் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார். தாம் வாங்கியிருக்கக்கூடிய பங்குகளை அதில் எழுதிவைத்து, அவை ஏறுவதையும் இறங்குவதையும் வெறும் மையிலேயே பின்தொடர்ந்தார். தாம் வாழ்நாளெல்லாம் பழுதுபார்த்த லிஃப்டுகளைச் செய்யும் நிறுவனத்தின் பெயரை மட்டும் அவர் ஒருபோதும் அழிக்கவில்லை. “முதல்ல வாங்கினா இதைத்தான். அவன் பெட்டியோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

பட்டியலின் கடைசி நூல் பாதியைத் தாண்டியிருந்தது. தைத்த திரைச்சீலைகளைக் கொடுக்கும் சாக்கில் அவள் நூலகத்துக்குப் போனாள்.

“இன்னும் ஒரு புத்தகம் சேர்த்துடேன்மா.”

நூலகப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். “எதுக்குக்கா? இதுவே அதிகம்.”

அவள் காரணத்தைச் சொன்னாள், அண்ணனையும் சேர்த்து. நூலகப் பெண் பேனாவை எடுத்து, சந்தை வீழ்ச்சிகளின் வரலாற்றைக் கூறும் ஒரு தடித்த நூலைப் பட்டியலின் அடியில் எழுதினாள். அது முடியும் தறுவாயில் இன்னொன்று. அதற்குப்பின் நிறுவனங்களின் கணக்கறிக்கைகளைப் படிப்பது பற்றி ஒன்று. ஒரு கட்டத்தில் பட்டியலுக்குக் கீழே இரண்டாவது தாளை ஒட்ட வேண்டியதாயிற்று.

“அக்கா, இப்படியே போனா சார் பரீட்சை எழுதி வாத்தியாராயிடுவார்.”

“ஆகட்டும். வாத்தியாரானா யாரும் தெருவுக்கு வந்துட மாட்டாங்க.”

ஒருநாள் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, சமையலறை வாசலில் வந்து நின்றார். “முடிஞ்சுது. நேத்தோட எல்லாம் முடிஞ்சுது. கணக்குத் தொடங்கப் போலாமா?”

“புதுசா ஒண்ணு சேர்த்திருக்காங்களாம். அவசியம் படிக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு” என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி.

அவர் படிய வாரிய தலையைத் தடவிக்கொண்டார். “அப்படியா? சரி, அதையும் பார்த்துடுவோம்” என்று உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டார். கழற்றிய சட்டையை அவர் மடித்து வைத்த ஒழுங்கு, பல நாள் அவள் கண்ணைவிட்டு அகலவில்லை.

பின்னொரு மாதம் அவர் மெழுகுவர்த்திப் படங்களின் நூலைக் கொண்டுவந்து எதிரே அமர்ந்தார். “இதைக் கேளேன். பச்சையா இருந்தா அன்னைக்கு விலை ஏறி முடிஞ்சிருக்கு.” படித்ததையே மறுபடி புரட்டிப் பார்க்கிறார் என்று நினைத்து, எந்தப் பக்கம் பற்ற வைப்பது என்று அவள் பழைய கேலியைச் செய்தாள். அந்தக் கேலியை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பவர்போல அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளால் கூடச் சிரிக்க முடியவில்லை.

நூலகப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். “அக்கா, சார் அதே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு, அதையே மறுபடி கேட்கிறார். இது புதுசா வந்ததான்னு கேட்டார்க்கா.”

மருத்துவர் மூளையின் படத்தைக் காட்டி, மறதி இனி ஒரே திசையில்தான் போகும் என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் கணவர் சன்னல் வழியே கட்டடங்களைப் பார்த்து, எதில் எத்தனை லிஃப்ட் என்று பிசகாமல் சொல்லிக்கொண்டு வந்தார்.

பட்டியலில் இனி எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. முதல் நூலே அவருக்குத் தீராமல் இருந்தது.

தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத் தான் செலவழித்ததெல்லாம் அவருடைய நல்ல நாட்களைத்தான் என்பது அவளுக்கு உறைத்தது. வெளியூரிலிருந்த மகளை அழைத்தாள். பங்கு வாங்கும் கணக்கைக் கைப்பேசியிலேயே தொடங்குவது எப்படி என்று மகள் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தாள். “என்னம்மா திடீர்னு? அப்பாவை வேண்டாம்னு நீதானே பிடிச்சு வச்சிருந்தே?” என்று கேட்டாள்.

கணக்கு திறந்த அன்று காலை அவள் அவருக்குச் சலவைச் சட்டையைப் போட்டுவிட்டாள், தலையை வாரினாள். சமையலறை மேசையில், வெள்ளைப் பலகைக்கு எதிரே உட்காரவைத்தாள். பலகையில் அந்த நிறுவனத்தின் பெயர் இன்னும் இருந்தது, மை வெளுத்திருந்தது. கைப்பேசியில் அதே பெயரை எடுத்து, ஒரே ஒரு பங்கு என்று குறித்து, அவர் விரலுக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள்.

“இந்தப் பச்சைப் பொத்தானை அழுத்துங்க. உங்க கையால வாங்குங்க.”

அவர் திரையை உற்றுப் பார்த்தார். அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது. விரல் பொத்தானுக்கு மேலே வந்து, அங்கேயே நின்று, பின்வாங்கியது.

“இல்லைங்க. நான் இன்னும் படிச்சு முடிக்கலை.”

“போதும், படிச்சதெல்லாம் போதும்.”

“அப்படிச் சொல்லாதீங்க. வீட்ல வாக்குக் குடுத்திருக்கேன்” என்றார் அவர், பக்கத்து இருக்கைப் பயணியிடம் பேசுவதுபோன்ற மரியாதையோடு. “அவ வந்து சரின்னு சொல்லணும். கடைக்குப் போயிருப்பா போல. வந்துடுவா.”

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியாதுங்க.” அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவ பயந்தவ. அவ அண்ணன் இதுலதான் போனார். நான் ஒரு புத்தகம் முடிக்கிறதுக்குள்ள, ஓடிப்போய் இன்னொண்ணு எழுதச் சொல்லிட்டு வந்துடுவா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. பாவம், எத்தனை தடவைதான் அவளும் நடப்பா? அதான் நான் மெதுவாவே படிக்கிறேன்.”

குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அடைக்க அவள் போகவில்லை.

“நீங்க அவகிட்ட சொல்லிடாதீங்க” என்றார் அவர்.

“சொல்ல மாட்டேங்க.”

கைப்பேசித் திரை தானாக அணைந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மேசைமேல் இருந்த நூலைத் தம் பக்கம் இழுத்து, கண்ணாடியைத் தேடினார். அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அவள் எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டாள்.

“எதுவரைக்கும் படிச்சீங்க?” என்று கேட்டாள்.

“இப்பத்தான் ஆரம்பிக்கிறேன்” என்றார் அவர். “நேரம் இருந்தா உட்காருங்களேன். புரியிற மாதிரி சொல்றேன்.”

அவள் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.