சிமெண்ட் இறுகுவதற்குள்

இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே மயக்க மருத்துவருக்கு முகம் மாறியது. துடிப்புக்குத் துடிப்பு ஒரு கரகரப்பு. ஸ்கேனில் பார்த்தால், இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு சுருங்கி, ஒரு பென்சில் நுழையும் அளவுக்கே திறந்தது.

"ஆபரேஷன் பண்ணாட்டியும் ஆபத்து, பண்ணினாலும் ஆபத்தும்மா," என்று அவருடைய மகளிடம் மறைக்காமல் சொன்னாள் மருத்துவர்.

கட்டிலில் இருந்தவர் குறுக்கிட்டார். "நான் பஸ் ஓட்டுறப்ப எல்லாரும் தூங்குவாங்க, நான் தூங்க மாட்டேன். இன்னிக்கு நீங்க தூங்காதீங்க."

அறுவை மருத்துவரிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். "நான் நிறுத்துங்கன்னா நிறுத்திடணும் சார்."

தியேட்டரில் முதலில் மணிக்கட்டு நாளத்தில் குழாய் செருகி, துடிப்புக்குத் துடிப்பு ரத்த அழுத்தம் திரையில் தெரியும்படி செய்தாள். இதயம் தாளம் தப்பினால் மின் அதிர்ச்சி கொடுக்கும் பட்டைகளையும் முன்கூட்டியே நெஞ்சில் ஒட்டிவைத்தாள். மயக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். ஒரு மணி நேரம் ஒரு குறையுமில்லை.

எலும்புக்குள், மூட்டைப் பிடித்துவைக்கும் சிமெண்டை நிரப்பிச் செயற்கை மூட்டின் தண்டை இறக்கும்போதுதான் அழுத்தம் மளமளவென்று சரிந்தது. நூற்றுப்பத்து, எண்பது, அறுபது. இதயம் தாளம் தப்பி நூற்றைம்பதில் ஓடியது. அழுத்தத்தை ஏற்றும் மருந்தைச் செலுத்தினாள். அழுத்தம் அசையவில்லை.

"சார், கையை எடுங்க."

"சிமெண்ட் இறுகிடும். ரெண்டு நிமிஷம் குடுங்க."

"ரெண்டு நிமிஷம் இவருக்கு இல்ல சார்."

அறுவை மருத்துவர் தண்டை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டு விலகினார்.

"யாரும் தொடாதீங்க." பொத்தானை அழுத்தினாள். உடல் தூக்கிப்போட்டது. தாளம் திரும்பவில்லை. அழுத்தம் நாற்பத்தைந்து.

"அதிர்ச்சி அளவைக் கூட்டி வைங்க சிஸ்டர். மறுபடியும்."

இரண்டாவது அதிர்ச்சிக்குப் பின் திரையில் கோடு ஒரு கணம் படுத்தது. பிறகு ஒரு துடிப்பு. சீரான இடைவெளியில் இன்னொன்று. அழுத்தம் மெல்ல ஏறி நூற்றைத் தொட்டது.

அறுவை மருத்துவர் குனிந்து பார்த்தார். "தண்டு கொஞ்சம் சாய்ஞ்சு இறுகிடுச்சு. நடப்பார். ஆனா கால் இழுக்கும்."

வெளியே பெஞ்சில் இருந்த மகளிடம் மயக்க மருத்துவரே போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீங்க நிறுத்தாம இருந்திருந்தா?"

"இப்ப உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டிருப்பேன்."

மகள் பெஞ்சில் பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உட்காருங்க டாக்டர்."