நேற்றைய பால்

நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் ஆகியவற்றுக்குப் பிறகு மனித அறிவு எடுத்து வைத்த அடுத்த பெரிய அடி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு, கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் எடுத்து வைக்கப்பட்டது. கோயில் கூட்டத்தில், ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி நடராஜா இப்படித்தான் பேசினார். அடியை எடுத்து வைத்தவர் யார் என்பதையும் அவரே சொன்னார். பேசி முடித்து ஆபீஸுக்கு வந்தவர், கம்ப்யூட்டருக்கு எந்தப் பக்கம் சுவிட்ச் என்று டைப்பிஸ்ட் கங்காவிடம் கேட்டார்.

அவர் சொன்ன அடி இதுதான். கோலாலம்பூரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர், தொலைபேசிக் கம்பி வழியாகத் தோட்டத்துக் கம்ப்யூட்டரைக் கூப்பிடும். ‘நேற்று எவ்வளவு பால்?’ என்று கேட்கும். தோட்டத்துக் கம்ப்யூட்டர் தானே தேடிப் பார்த்து ரப்பர் பாலின் எடையை அனுப்பிவைக்கும். நடுவில் மனிதக் கை படாது. இதைச் செய்து காட்டுகிறவருக்குத் தலைமை அலுவலகத்திலேயே கம்ப்யூட்டர் அதிகாரி வேலை என்று, ‘டத்தோ’ என்ற மலாய்ப் பட்டம் பெற்ற இயக்குநர் அறிவித்திருந்தார். ‘என் சொந்த மூளையால் எழுதித் தருகிறேன்’ என்று நடராஜா வாக்குக் கொடுத்துவிட்டார்.

மூளை சிங்கப்பூரிலிருந்து ஒரு டிஸ்கில் வந்தது. அதைப் போட்டால் கூம்புத் தொப்பியும் தாடியுமாக ஒரு மந்திரவாதி திரையில் எழுந்து நிற்பான். ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்பான். யார் கூப்பிடுவார்கள்? என்ன கேட்பார்கள்? பதில் எங்கே இருக்கிறது? பதில்களைத் தட்டிக்கொண்டே போனால் புரோகிராமை அவனே எழுதிவிடுவான். ‘புரோகிராம் எழுதத் தெரியாதவர்களுக்கு’ என்று டிஸ்க் வந்த அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. பெட்டியை நடராஜா வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தார்.

அவர் சொல்லச் சொல்லக் கங்கா தட்டினாள். அந்த ஆபீஸில் அவளுக்கு ஒரே சட்டம்தான். பெரிய கிராணியின் வாயிலிருந்து வருவதை அப்படியே அடிக்க வேண்டும், திருப்பிக் கேட்கக்கூடாது. ஒரு தரம் கேட்டுவிட்டு ஒரு வாரம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

மந்திரவாதியிடமே சோதித்துப் பார்க்கவும் வழி இருந்தது. தினமும் மதியம் பால் எடையைக் கங்கா ஏற்றுவாள். மறுநாள் காலை நடராஜா தலைமை அலுவலகமாக மாறி, ‘நேற்று எவ்வளவு பால்?’ என்று கேட்பார். மிஷின் டாண் என்று சொல்லும். ஒருநாள்கூடத் தவறவில்லை. நடராஜாவின் மனைவி அமராவதி சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டாள். வளர்த்த கோழிகளைப் பாசிர் பெனம்பாங்கில் இருக்கும் தம்பி வீட்டில் விட்டுவந்தாள். “கே.எல். மாடி வீட்டுல கோழி வளக்க முடியாதுலா” என்று தொழிலாளர் வீடுகள் இருந்த லயம் முழுக்கச் சொல்லியும் வந்தாள்.

திறப்பு விழாவுக்கு விஜயதசமியைத் தேர்ந்தெடுத்தவரும் நடராஜாதான். முதல் நாள் சரஸ்வதி பூசை. பால் வெட்டும் உளிகளையெல்லாம் கழுவிப் பூசையில் வைத்துவிட்டதால் அன்று தோட்டத்தில் வேலை இல்லை. ஆபீஸில் கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு, செவ்வந்தி மாலை. ஆபீஸ் காவலும் கோயில் பூசையும் பார்க்கும் வீரன் தீபம் காட்டி முடித்ததும் நடராஜா எல்லாருக்கும் கேட்கும்படி முழங்கினார்.

“இதுவும் சரஸ்வதிதான். நாளைக்கு காலையில பூசை முடியிற வரைக்கும் ஒரு விரல் படக்கூடாது. என் விரலே பட்டாலும் விடாதே, வீரா!”

“விட மாட்டேங்க” என்றான் வீரன்.

சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்கா இலையைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

“சார், நாளைக்கு டத்தோ நேத்துப் பாலத்தானே கேப்பாரு?”

“ஆமா.”

“நாளைக்கு நேத்துன்னா இன்னைக்குதானே சார்? இன்னைக்கு யாரும் பால் வெட்டலயே.”

நடராஜா வாயில் போட்ட சுண்டலை மெல்லாமல் நின்றார். பிறகு சிரித்தார். “இல்லாட்டி இல்லேன்னு சொல்லிட்டுப் போவுது. இதுக்குப் போயி…”

“இல்லேன்னு சொல்லாது சார்.” அவள் குரல் இறங்கியது. “கேட்டது கெடைக்கலன்னா என்ன சொல்லட்டும்னு கடைசியில கேட்டுச்சே. அன்னிக்கு உங்களுக்குப் பசி. கோவமா ஒண்ணு சொன்னீங்க. நான் அடிச்சிட்டேன்.”

“என்ன சொன்னேன்?”

“போயி உங்கப்பனக் கேளுன்னு.”

“அது நான் மிஷினத் திட்டினது!”

“எனக்கு எப்படி சார் தெரியும்? திருப்பிக் கேக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க.”

“தமிழ்லயா போட்ட?”

“தமிழ்தான் சார், இங்கிலீஷ் எழுத்துல. டத்தோ படிக்கிற மாதிரி தெளிவா இருக்கும்.”

நடராஜா திரும்பிப் பார்த்தார். கம்ப்யூட்டர் மாலையும் பொட்டுமாகச் சாந்தமாக இருந்தது. அதன் முன்னால் வீரன் பாய் விரித்துக்கொண்டிருந்தான்.

“வீரா, மாலை கொஞ்சம் சரிஞ்சிருக்கு. நேரா வச்சிட்டு வந்துர்றேன்.”

“சரிஞ்சா சரிஞ்சபடி இருக்கட்டுங்க.”

“நான்தான்டா சொல்றேன்.”

“நீங்கதான் விடாதேன்னும் சொன்னீங்க.” வீரன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “சாமி விசயம் சார். ஆளுக்கு ஆளு மாத்த முடியாது.”

இன்னொரு வழி இருந்தது. நடராஜா, தோட்டத்து மானேஜர் மிஸ்டர் சியாவின் பங்களாவுக்குப் போய், அங்கிருந்த போனில் டத்தோவைக் கூப்பிட்டார். நேற்றைய பாலுக்குப் பதிலாக முந்தாநாள் பாலைக் கேட்டால் இன்னும் சிறப்பாக இருக்கும் என்றார். டத்தோ சிரித்தார். முந்தாநாள் கணக்கை முன்கூட்டியே யாரும் தயார் செய்து வைக்கலாம், நேற்றையதைச் சொன்னால்தான் சோதனை என்றார். ‘இன்று வேலையே இல்லை’ என்று சொல்ல நடராஜா வாயைத் திறந்தார். சொன்னால், ‘அதற்கென்ன, புரோகிராமை மாற்றிவிடு’ என்பார். எப்படி மாற்றுவது என்பது மந்திரவாதிக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டார்.

விடிந்ததும் குளித்து விபூதி பூசி ஆபீஸ் வாசலில் நின்றார். பூசை சீக்கிரம் முடிந்தால், டத்தோ கூப்பிடுவதற்குள் ஒரு சைபரையாவது எடையாக ஏற்றிவிடலாம் என்று கங்கா சொல்லியிருந்தாள். வீரனோ, கே.எல். வரைக்கும் போகிற பூசை என்பதால் இதுவரை யாரும் கேட்டிராத மந்திரங்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். மானேஜர் வந்து கைகட்டி நின்றார்.

“சுருக்கமா முடி, வீரா” என்று நடராஜா பல்லைக் கடித்தார்.

“நீங்க நல்லா இருக்கணும்னுதான் சார் நீட்டுறேன்.”

கற்பூரம் ஏற்றினான். அந்த நேரம் பார்த்து மோடம் பெட்டி கீச்சிட்டது. நடராஜா ஓரடி முன்னால் வைத்தார். தீபத்தட்டை நீட்டி வீரன் மறித்தான். கற்பூரப் புகைக்கு நடுவே திரையில் கேள்வி வந்தது. மனிதக் கை படாமல், தானே தேடிப் பார்த்து, மிஷின் பதிலையும் அனுப்பியது. கங்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு லைனில் போன் அடித்தது. டத்தோ. மானேஜர் கேட்டுக்கொண்டே ஒரு துண்டுத் தாளில் எழுதினார். போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார்.

“நடராஜா, உங்கள் மிஷின் டத்தோவுக்குத் தமிழில் ஏதோ சொல்லியிருக்கிறது. ‘போ-யி உங்-கப்-பனக் கே-ளு.’ என்ன அர்த்தம் என்று கேட்கிறார்.”

வீரனின் கையில் மணி நின்றது. கங்கா சுவரைப் பார்த்தாள். நடராஜாவின் நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது.

“அது… ‘இன்று புனித நாள், உங்கள் குடும்பம் வாழ்க’ என்று அர்த்தம். நேற்றுப் பூசை. அதனால் பால் இல்லை. மிஷின் வாழ்த்து சொல்கிறது.”

மானேஜர் அதை அப்படியே போனில் சொன்னார். பிறகு மானேஜரின் முகம் மலர்ந்தது. “டத்தோ நெகிழ்ந்துவிட்டார். விடுமுறையைக்கூடத் தெரிந்து வைத்திருக்கும் மிஷின் என்கிறார். வேலை உங்களுக்குத்தான். தீபாவளி விருந்துக்கு வந்து அவரே அறிவிக்கிறாராம்.”

நடராஜா நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று மாலைக்குள், தான் பயப்படவே இல்லை என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

தீபாவளி விருந்து தோட்டத்துத் திடலில் நடந்தது. லயத்து ஜனங்கள் புதுத்துணியில் நாற்காலி வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். டத்தோவின் கார் வந்து நின்றது. அவரை மேடைக்கு அழைத்துப்போகும்போது மானேஜர் நடராஜாவின் காதில் சொன்னார்: “ஒரு ஆச்சரியம் இருக்கிறது. டத்தோ தமிழில் வாழ்த்துச் சொல்லப் போகிறார். உங்கள் மிஷின் சொன்னதையே. ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பழகினாராம்.”

நடராஜாவுக்குக் கால் ஓடவில்லை. பிறகு ஓடியது. மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த வீரனிடம் போய் நின்றார்.

“மைக்க அணைச்சிரு.”

“டத்தோ எந்திரிச்சிட்டாரு சார்.”

“அதனாலதான் சொல்றேன், அணை!”

“நல்ல நாளும் அதுவுமா பெரிய மனுசன் பேசறப்ப அணைக்கிறதா? என் வேலை என்னாவறது?”

நடராஜா ஒயரைத் தேடினார். எது எதற்குப் போகிறது என்று தெரியவில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தார். மேடையைச் சுற்றியிருந்த வண்ண விளக்குகள் அணைந்தன.

டத்தோ இரு கையும் கூப்பி, மைக்கை நெருங்கி, ஒவ்வொரு அசையையும் அழுத்தி, தோட்டம் முழுவதையும் பார்த்துச் சொன்னார்.

“போயி உங்கப்பனக் கேளு!”

பின் வரிசையிலிருந்து பால் வெட்டும் சின்னையா எழுந்தார்.

“எங்கப்பன் செத்துப் பத்து வருசம் ஆச்சுங்க டத்தோ!”

சிரிப்பு திடலைப் பிய்த்துக்கொண்டு போனது. தன் தமிழ் இவ்வளவு மகிழ்ச்சி தந்ததில் டத்தோவும் மகிழ்ந்தார். இன்னொரு முறை சொன்னார். பிறகு நடராஜாவை மேடைக்கு வரச்சொல்லி, கையைப் பிடித்து உயர்த்தி, புதிய கம்ப்யூட்டர் அதிகாரி என்று அறிவித்தார். அதுவரை நடராஜாவுக்கு எந்தக் கைதட்டலும் அவ்வளவு நேரம் நீடித்ததில்லை.

டத்தோவின் கார் ஓட்டுநர் சோமு, ரவாங்கில் பிறந்த தமிழர். திரும்பும் வழியில், ஜனங்கள் எதற்காக அப்படிச் சிரித்தார்கள் என்று டத்தோ அவரிடம் கேட்டார். சோமு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னார்.

மறுநாள் காலை மானேஜருக்குப் போன் வந்தது. நடராஜா பழைய நாற்காலியிலேயே இருப்பார் என்று முடிவாகியிருந்தது. அமராவதி கட்டிய சாமான்களைப் பிரித்துவிட்டு, கோழிகளைத் திருப்பிக் கேட்கப் பாசிர் பெனம்பாங்குக்கு பஸ் ஏறினாள்.

தம்பி வீட்டில் தீபாவளிக்கே குழம்பு வைத்திருந்தார்கள்.