எலும்புத் தூள் கடை

கறிக்கடைக்காரன் அந்தத் தெருவுக்குள் வந்ததிலிருந்து தின்றுகொண்டே இருந்தான். பசி ஒன்றும் இல்லை. தங்கச்சியின் முகத்தில் கொதிக்கிற எண்ணெயை வீசிவிட்டு, மகளையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போன மாப்பிள்ளை இந்தக் கல்லூரிப் பக்கம் ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் கரண்டி பிடிக்கிறான் என்று லாரிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். எந்தக் கடை என்று அவருக்குத் தெரியவில்லை. வாய்விட்டு விசாரித்தால் சேதி நேராக அடுப்படிக்குப் போய்விடும், அவன் பிள்ளையோடு பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிடுவான். போன தடவை வேறொரு ஊரில் அப்படித்தான் நழுவினான். போலீசில் எழுதிக் கொடுத்ததற்குத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்ற பதிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. அதனால் கறிக்கடைக்காரன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டான்.

கிளம்பும்போது தங்கச்சி வாசல்வரைகூட வரவில்லை. எண்ணெய் பட்டதிலிருந்து அவள் வெளிச்சத்துக்கு வருவதே இல்லை. உள்ளே இருந்தபடியே சொன்னாள். "புள்ளைய மட்டும் கூட்டிட்டு வாண்ணே. அந்த ஆளு மேல கை வைக்காத. உன்னையும் உள்ள தள்ளிட்டா எனக்குன்னு யாரு இருக்கா?" அதையும் அரை வாயால்தான் சொன்னாள். மற்ற அரை வாய் இப்போது அசைவதில்லை.

விடுமுறை முடிந்து கல்லூரி இன்னும் சரியாகத் தொடங்கியிருக்கவில்லை. மரநிழல் விழுந்த தெரு, மாடியில் துணி காயும் வாடகை வீடுகள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாகப் பேசியபடி போகிற பிள்ளைகள். நாய்கூடக் குரைக்க யோசிக்கும் போலிருந்தது. இந்த அமைதியில் ஒருவன் ஒளிந்துகொள்வது சுலபம் என்று கறிக்கடைக்காரனுக்குப் பட்டது. ஜெராக்ஸ் கடையை ஒட்டிய சூப்புக் கடையில் ஒரு கிண்ணம் குடித்தான். எலும்பை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தான். வழவழப்பான வெட்டு, அவன் இல்லை. மாடியில் இரண்டு அக்கா தங்கைகள் நடத்திய சாப்பாட்டுக் கடையில் கறிக்குழம்பு ஊற்றிச் சோறு தின்றான். அங்கே கறியை வெட்டியிருந்தது ரம்பம் போட்ட மெஷின். அவன் இல்லை. வறுத்த மீன் விற்கிற இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டான். மீனில் ஆளை அடையாளம் காண அவனுக்குத் தெரியாது.

நாலாவது கடையில் எலும்பை விளக்குக்கு நேராகப் பிடித்தபோது எதிர்மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். கண்ணாடி போட்ட பெண்ணும், மேசைக்கடியில் கால் கொள்ளாத ஒரு நெட்டைப் பையனும். தட்டுக்கு நேராகப் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, காலையிலேர்ந்து பாக்குறோம். எங்களுக்கு முன்னாடி எல்லாக் கடையிலயும் நீங்கதான் உக்காந்திருக்கீங்க," என்றாள் கண்ணாடிக்காரி. "நீங்களும் சேனல் வச்சிருக்கீங்களா?"

"கறிக்கடை வச்சிருக்கேன்."

"பாத்தியா, நான் சொல்லல? போட்டிக்கு ஆள் வந்தாச்சுன்னு இவன் சோறே எறங்காம கெடந்தான்ணே."

"எனக்கா எறங்கல?" என்றான் நெட்டை. "என் தட்டையும் சேத்து வழிச்சது யாரு?"

அவர்கள் இந்தத் தெருவின் கடைகளைத் தின்று பார்த்து மார்க் போடுகிறவர்கள். எங்கே ரொட்டி மெத்தென்று இருக்கும், எந்தக் கடைக்காரர் முறைத்துக்கொண்டே பரிமாறுவார், எல்லாம் அத்துப்படி. கறிக்கடைக்காரன் சும்மா கேட்பது போலக் கேட்டான். "இங்க எந்தக் கடைக்குப் போகக் கூடாது?"

இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "சைக்கிள் கடை சந்து."

"ருசி குறை சொல்ல முடியாதுண்ணே," என்றாள் அவள். "ஆனா வாயெல்லாம் எலும்புத் தூள். இவனுக்கு ஈறு கிழிஞ்சு ரத்தம் வந்திடுச்சு. வெட்டுறானா, அரைக்கிறானான்னே தெரியல. பூஜ்யம் போட்டோம்."

கறிக்கடைக்காரன் கையைக் கழுவாமலே எழுந்தான்.

மாப்பிள்ளைக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது அவன்தான். வெட்டு பிசகினால் பிடரியில் ஓங்கி ஒன்று வைப்பான். அந்த அடிக்குப் பயந்து மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. முதலில் அளவு பார்த்து லேசாக ஒரு தட்டு, பிறகுதான் ஓங்கிய வெட்டு. இரண்டும் ஒரே இடத்தில் விழாது. நடுவில் கிடக்கிற எலும்பு பொடிந்து கறியோடு போகும். எத்தனை தடவை சொல்லியும் அந்தத் தட்டு போகவில்லை. கை நடுங்குகிறவன் அடங்கி இருப்பான் என்று நம்பித் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தான். கடையில் வாங்கிய அடியை எல்லாம் மாப்பிள்ளை வீட்டில் அவள் மேல் இறக்கிவைத்தான்.

சந்துக் கடையில் கூட்டம் இல்லை. கல்லாவில் இருந்த அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கறிக்கடைக்காரன் ஒரு துண்டை எடுத்து உறிஞ்சிவிட்டு எலும்பைப் பார்த்தான். வெட்டுவாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு கீறல், நகம் பதிந்தது போல. அடுத்த துண்டிலும் அதே கீறல். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நேராக அடுப்படிக்கு நடந்தான்.

"ஐயா, அங்க போகக் கூடாது," என்று கடைக்காரம்மா பின்னால் சொன்னது கேட்டது.

குறுகலான அடுப்படி. தரையெல்லாம் ஈரம். பெரிய அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, பக்கத்தில் மரக்கட்டை, அதில் குத்தி நின்ற வெட்டுக்கத்தி. மாப்பிள்ளை திரும்பினான். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"மச்சான்," என்றான்.

"புள்ள எங்க?"

"மேல தூங்குது. நல்லா பாத்துக்கறேன் மச்சான். ஸ்கூல்ல போட்டிருக்கேன். உக்காருங்க, பேசிக்கலாம். அன்னைக்கு ஏதோ கோவத்துல..."

பேச்சு பேச்சாக இருக்க, அவன் வலது கை சட்டியில் கிடந்த கரண்டிக்குப் போனது. கறிக்கடைக்காரன் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் காற்றில் வருவதற்குள் பக்கத்துச் சட்டியின் மூடியை எடுத்து முகத்துக்கு முன் பிடித்துவிட்டான். மூடியில் பட்டது போக மிச்சம் தோளில் இறங்கிற்று. சட்டை தோலோடு ஒட்டியது. அதுவரை தங்கச்சியின் பேச்சு அவன் காதில் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

மூடியின் விளிம்பால் மாப்பிள்ளையின் வாயில் அடித்தான். பல் உடைந்தது கைக்குத் தெரிந்தது. விழுந்தவனை மயிரைப் பிடித்துத் தூக்கி அடுப்பு மேடையில் மோதினான். பாத்திரங்கள் சரிந்தன. மாப்பிள்ளை அவன் வெந்த தோளைப் பார்த்துக் கடித்தான், சதையோடு இழுத்தான். கறிக்கடைக்காரன் கத்தவில்லை. முழங்காலை அவன் வயிற்றில் ஏற்றினான், ஒருமுறை, மறுமுறை, அவன் குழம்பும் சோறுமாய்க் கக்குகிறவரை. பிறகு அந்த வலது கையை இழுத்து மரக்கட்டை மேல் வைத்து, தன் முழங்கையால் அழுத்திப் பிடித்து, கத்தியைப் பிடுங்கி ஓங்கினான்.

"மச்சான், கை வேணும் மச்சான். சமைக்கற கை."

மாடிப்படியில் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். பள்ளிச் சீருடையோடே தூங்கியிருக்கிறாள், கன்னத்தில் பாய் பதிந்த தடம். அழவில்லை. ஓங்கிய கத்தியை மட்டும் பார்த்தாள்.

அவளைப் பார்த்த பிறகும் அவன் கத்தியைக் கீழே வைக்கவில்லை. திருப்பிப் பிடித்து முதுகுப் பக்கத்தால் போட்டான். மணிக்கட்டு நொறுங்கிய சத்தம் கல்லாவரை கேட்டது.

கடைக்காரம்மா அதற்குள் போலீசுக்குச் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பு இல்லை. தன் கடையில் கொலை விழுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கறிக்கடைக்காரன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முன்பக்கம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். ஓடினால் பிள்ளையைக் கடத்தினவன் ஆகிவிடுவான், அவ்வளவு தெரியும். சத்தம் கேட்டுக் கண்ணாடிக்காரியும் நெட்டையும் வாசலில் வந்து நின்றார்கள். நெட்டை போனைத் தூக்கினான். அவள் அதைத் தட்டிவிட்டாள்.

தங்கச்சிக்குப் போன் போட்டான். "கெடைச்சிட்டா."

"கை வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்."

"உன்னை நம்பி அனுப்பினேன் பாரு." திட்டிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே இன்னும் திட்டினாள். "இப்ப அவள யாரு கூட்டிட்டு வர்றது? உன்னைத்தான் பிடிச்சிட்டுப் போவாங்களே."

"தெரியல."

போனில் ஏதோ பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. "கடை பேரு சொல்லு. நான் வரேன்."

"நீயா?"

"நான்தான் பெத்தேன். வேற யாரு வருவா?"

ஜீப் வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே போய் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண் போலீஸ் ஒருவர் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா வருகிறவரை தானும் இருப்பதாகக் கண்ணாடிக்காரி சொன்னாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. ஆனாலும் அங்கேயே இருந்தாள்.

கறிக்கடைக்காரனை எழுப்பினார்கள். அவன் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தான். தோள் இழுத்த இழுப்பில் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"பாப்பா, மாமா சொல்றதக் கேளு. அம்மா வருவா. அவ மொகம் ஒரு பக்கம் வெந்து போச்சு. பாத்ததும் பயந்து அழுதிடாத. அழுதா அவ தாங்க மாட்டா."

பிள்ளை அவன் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"எனக்குத் தெரியும் மாமா. அன்னைக்கு நான் அம்மா பக்கத்துலதான் நின்னேன்."