வராதோர் ஒன்பது

"தாள் கட்டை வெச்சுட்டுக் கெளம்புய்யா, கீழ பெத்தவங்கல்லாம் வந்து…"

"இந்த ஒம்போது பேரு யாருன்னு சொல்லுங்க, போறேன்."

"…உட்கார்ந்தாச்சு, நேரமில்ல."

"யாருன்னு கேட்டேன் சார்."

தலைமை ஆசிரியரின் மேசை மேல் பைண்டர் இறக்கிய கட்டுக்குள் நானூறு தாள்கள். தேர்வை வைத்துப் பள்ளிக்கு இந்த ஆண்டு வந்த மதிப்பீடு, நான்கு நட்சத்திரம். இன்றைய கூட்டத்தில் பெற்றோருக்கு ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். ஓரம் நறுக்கித் தரச் சொல்லிப் பள்ளியே அவருடைய பைண்டிங் பட்டறைக்கு அனுப்பியிருந்தது. நறுக்குகிறவர் படிக்க மாட்டார் என்று நினைத்துவிட்டார்கள் போலும். தாளில் இருந்தது: நான்காம் வகுப்பு, மொத்தம் நாற்பது. தேர்வெழுதியோர் முப்பத்தொன்று. உடல்நலமின்றி வராதோர் ஒன்பது.

"எம்பொண்ணுக்கு அன்னிக்கு என்ன நோவு சார்?"

"ரெஜிஸ்டர்ல இருக்கறதுதான் அச்சாச்சு."

"நாளைக்கு லீவுன்னு சொல்லி அனுப்பினீங்க. மத்த புள்ளைங்க வந்து பரீட்சை எழுதினது இதைப் பாத்துத்தான் தெரியுது. எழுத்துக்கூட்டிப் படிக்கறவ உங்க நட்சத்திரத்தைப் பிச்சுத் தின்னுடுவாளோ?"

"ரெண்டு நட்சத்திரம் வந்தா பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்கய்யா. அப்புறம் உம்பொண்ணு எங்க போவா? ஒரு நாள் லீவுல என்ன குடி முழுகிப் போச்சு?"

"ரெண்டு விரல் போச்சு."

தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்ல பாத்துக்க ஆளில்ல, பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். தாளை அடுக்கிக் குடுத்தா. நாந்தான் வெட்டுற மெஷின் பிடியை இறக்கினேன் சார். நாந்தான்."

"அது அன்னிக்கா?" குரல் தணிந்தது. உடனே நிமிர்ந்தது. "புள்ளைய மெஷின்கிட்ட விட்டது நீ. என்னைக் கேட்டா?"

பைண்டர் அறைந்ததில் தலைமை ஆசிரியர் நாற்காலியோடு சாய்ந்தார். ஓடி வந்த பியூனை பைண்டர் நெஞ்சில் உதைத்து வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். தலைமை ஆசிரியரின் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பி, மூக்கு உடையும்படி முகத்தை மேசையில் ஒரு மோது மோதினார். மேசை ஓரத்தில், அலுவலகத்துக்கென்று வாங்கிய சின்னத் தாள் வெட்டி; பக்கத்தில், கீழே முற்றத்துக்குப் பேசும் மைக். அவருடைய வலது கையை இழுத்து வெட்டியின் பலகையில் வைத்தார் பைண்டர். கத்தி விரல்கள் மேல் வந்து நின்றது.

"மைக்கைப் போடு."

"யோவ், நானும் புள்ளகுட்டிக்காரன்யா…"

"இடது கை சும்மாத்தானே இருக்கு. போடு. கை நடுங்காம வெச்சுக்க, ஆடினா கோணலா வெட்டும்."

மைக் கரகரத்தது. கீழே முற்றத்தில் பேச்சு அடங்கியது.

"நாலாம் வகுப்புல… ஒம்போது பேருக்கு உடம்பு சரியில்லன்னு போட்டது பொய். நாந்தான் வர வேண்டாம்னு சொன்னேன்."

"எதுக்கு?"

"படிப்பு வராதவங்கன்னு."

கத்தி இறங்கியது. கொஞ்சம்தான், தோல் கிழிய. அவர் போட்ட அலறல் ஒலிபெருக்கி வழியாகத் தெருவரை போனது. நட்சத்திரத் தாள்களில் ரத்தம் ஊறியது.

"மெதுவா படிக்கறவங்க," என்றார் அவசரமாக, அழுதுகொண்டே. "மெதுவா படிக்கறவங்க."

"பேரைச் சொல்லு."

"பைண்டர் பொண்ணு… ஒண்ணு…"

படியில் தடதடவென்று கால்கள் ஏறி வந்தன. பியூனும் இன்னும் பலரும் கதவை இடித்தார்கள். கீல் ஒன்று பெயர்ந்தது. பிறகு இடிப்பது நின்றுவிட்டது. யாரோ யாரையோ கையைப் பிடித்து நிறுத்தியது போலிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண், நிதானமாக:

"சார், கதவை அப்புறம் உடைச்சுக்கறோம். மீதி எட்டுப் பேரையும் சொல்லுங்க."