அரைக் கப்பல் மணல்

அறுபத்திரண்டாவது நிமிடத்தில் பிரதீபா பைப்பைத் தூக்கிவிட்டாள்.

யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரிந்த பிறகு எதற்குக் கேட்க வேண்டும்? கடலடியில் மணலை உறிஞ்சிக்கொண்டிருந்த முப்பது மீட்டர் குழாய், அவள் கைப்பிடியைப் பின்னால் இழுத்ததும் முனகிக்கொண்டே மேலே வந்தது. கப்பலின் வயிற்றில் மணல் கொட்டுகிற பெரிய தொட்டி ஒன்று உண்டு, ஹாப்பர் என்பார்கள். அது விளிம்பு வரை நிறைய இன்னும் முழங்கால் உயரம் பாக்கி இருந்தது.

கல்யாணராமன் டீ டம்ளரோடு மேல்தளத்துக்கு ஓடி வந்தார். தூர்வாரும் வேலைக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. திருவையாற்றுக்காரர். இருபத்தாறு வருஷ சர்வீஸில் குரலை உயர்த்திப் பேசியதில்லை என்று பெயர் எடுத்தவர். அன்று உயர்த்தினார்.

"என்னம்மா, பம்ப் நின்னு போச்சா?"

"இல்ல சார். நான்தான் தூக்கினேன்."

"ஹாப்பர் நிறையலையே!"

"இனிமே நிறையாது சார். நிறையற மாதிரி தெரியும், அவ்வளவுதான்."

கப்பலில் இருந்த ஒரே பெண் அவள்தான். நாகூருக்கு வடக்கே ஆண்டிமேடு என்கிற மீனவ ஊரில் பிறந்து, டிப்ளமோ முடித்து, மூன்று வருஷம் உதவியாளாக இருந்து, போன சித்திரையில்தான் பைப் ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த நாற்காலி இப்போது கப்பலோடு சேர்ந்து அவள் ஊருக்கு எதிரிலேயே வந்து நின்றது. ஆண்டிமேட்டுக் கரையைக் கடல் தின்றுகொண்டிருந்தது. தின்னாமல் என்ன செய்யும்? காவிரி கொண்டுவந்து கரையில் சேர்க்க வேண்டிய மணலை வழியிலேயே லாரி லாரியாக அள்ளி ஊரெல்லாம் மாடி கட்டியாகிவிட்டது. ஆறு வெறுங்கையோடு கடலுக்கு வருகிறது. இப்போது அதே மணலைக் கடலடியில் தேடி உறிஞ்சி, கப்பலில் ஏற்றி, குழாய் வழியாக, வடக்கிலிருந்து தெற்காக, கரையில் கொட்டுகிறார்கள். இந்தக் கூத்துக்கு எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பது தனிக்கதை.

கப்பலில் ஒரு வழக்கம் இருந்தது. பக்கவாட்டில் வரைந்திருக்கும் பாரக்கோடு தண்ணீரைத் தொடுகிற வரை மணல் ஏற்ற வேண்டும். தொட்டதும் ஃபோட்டோ எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அங்கே யாராவது ஏசி அறையிலிருந்து கட்டைவிரலைக் காட்டுவார்கள். அந்தக் கட்டைவிரலுக்கு நூற்றுப்பத்து நிமிடம் பிடிக்கும்.

"சார், நீங்க அரிசி களைஞ்சிருக்கீங்களா?" என்றாள் பிரதீபா.

"நானா?"

"மாமியக் கேட்டுப் பாருங்க. குண்டான்ல பாதி அரிசி இருக்கறப்ப தண்ணி ஊத்தினா தண்ணி மட்டும் வழியும். விளிம்பு வரைக்கும் அரிசி இருக்கறப்ப ஊத்தினா அரிசியும் கூடவே ஓடும். நம்ம ஹாப்பர்லயும் அதான் நடக்குது. முதல் ஒரு மணி நேரத்துல ரெண்டாயிரத்து எழுநூறு கன மீட்டர் மணல் தங்குது. அப்புறம் அம்பது நிமிஷம் பம்ப் ஓட்டி எவ்வளவு தங்குது? நானூறு. மிச்சமெல்லாம் வழிகுழாயில கடலுக்கே திரும்பப் போவுது."

"அதுக்காக முக்கால் கப்பலோட போவாங்களா?"

"போனா என்ன சார்? இன்னும் பன்னெண்டு நாள்தான். பன்னெண்டாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கப்பல் வேற துறைமுகத்துக்குக் கிளம்பணும். உங்க வழக்கப்படி நிறைச்சு நிறைச்சுப் போனா ஒரு நாளைக்கு ஆறு நடை. என் கணக்குப்படி போனா ஏழரை நடை. உங்க வழியில ஊரோட தெக்குக் கோடியில நூத்திப்பத்து மீட்டர் விட்டுப்போவும். மீன் ஏலக்கூடம், பதினெட்டு வீடு. ஐப்பசியில கடல் ஏறினா ஒண்ணும் மிஞ்சாது. என் வழியில இழுத்துப் பிடிச்சா கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேந்துடும்."

கல்யாணராமன் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் ஆத்து மணல்ல விளையாடி வளர்ந்தவன். எனக்கு மணலைப் பத்திச் சொல்லித்தரியா?"

"அந்த ஆத்து மணல் எங்க ஊர் வரைக்கும் வந்திருந்தா இந்தக் கப்பலே தேவையில்லையே சார்."

அவர் முகம் சிவந்தது. கேப்டன் இதில் தலையிடவில்லை. மணல் விஷயத்தில் அவர் தலையிடுவதே கிடையாது.

"உன்னை இந்த சீட்டிலேர்ந்து எழுப்ப எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது, தெரியுமா?"

"தெரியும் சார். எழுப்பிடுங்க. நான் உக்காந்திருக்கற வரைக்கும் அறுபத்திரண்டுதான்."

திமிர்தான். அது அவளுக்கே தெரியும். ஆனாலும் கைப்பிடியை விடவில்லை. அவர் திரையில் முந்தின நடையின் கோட்டைப் பார்த்தார். மணல் ஏறுகிற கோடு முதலில் செங்குத்தாகப் போய், ஒரு மணி நேரத்துக்கு மேல் சோம்பலாகச் சாய்ந்து கிடந்தது. இருபத்தாறு வருஷமாகப் பார்த்த கோடுதான். "மூணு நாள் பாக்கறேன். தப்பாச்சுன்னா பெட்டியைக் கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் வேறு பக்கமிருந்து அடி விழுந்தது.

மீன்பிடிக்கிறவர்கள் தூரத்தில் வருகிற படகைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள், பாடு உண்டா இல்லையா என்று. படகு அமிழ்ந்து வந்தால் மீன் உண்டு, நிமிர்ந்து வந்தால் ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்து கண்ணுக்குப் பழகிய கணக்கு. அந்தக் கண்ணால்தான் ஊர் கப்பலையும் பார்த்தது. போன வாரம் கோடு வரை அமிழ்ந்து வந்த கப்பல் இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறதென்றால் என்ன அர்த்தம்? பாதி மணலைக் கொண்டுவந்து ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

கடலில் மிதந்த குழாயின் முனையைக் கப்பலோடு பொருத்தினால்தான் மணல் கரைக்குப் போகும். பதினொரு ஃபைபர் படகுகள் அந்த முனையைச் சுற்றிக் கயிறு கட்டி நின்றன. ஊர்ப் பஞ்சாயத்தின் செயலாளர் வசந்தகுமார், பிரதீபாவின் பெரியப்பா மகன், கரையிலிருந்து ஃபோனில் கத்தினார். "அரைக் கப்பல் மணலை வச்சு யாருக்கு நாமம் போடுறீங்க? நிறைச்சு எடுத்துட்டு வாங்க, அப்பத்தான் வழி விடுவோம்!"

கல்யாணராமனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "பாத்தியாம்மா? உங்க ஊரே என் கட்சி. நிறைச்சே கொண்டு வந்துடலாம். ஆபீஸுக்கும் சந்தோஷம், ஊருக்கும் சந்தோஷம்."

பிரதீபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கம்பெனியோடு சண்டை போடலாம். அதற்கு ஒரு தெம்பு வரும். சொந்த ஊர் தன் வீட்டைத் தானே இடித்துக்கொள்வேன் என்று நிற்கும்போது யாரோடு சண்டை போடுவது? அந்தச் சமயத்தில் சரி என்று தலையாட்டியிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தெற்குக் கோடியில் பதினெட்டு வீடு போயிருக்கும், அவ்வளவுதான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கப்பலின் சின்னப் படகில் இறங்கிக் கரைக்குப் போனாள்.

கரையில் ஊரே கூடியிருந்தது. அவள் அம்மா எல்லையம்மாளும் இருந்தாள். நாகூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பியவள், மீன் கூடையை இடுப்பில் வைத்தபடியே நின்றாள்.

"கம்பெனிக்காரன்கிட்ட எவ்வளவு வாங்கின?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"கேட்டது யாரு? முன்னால வந்து கேளு" என்றாள் பிரதீபா. யாரும் வரவில்லை.

வசந்தகுமார் குரலைத் தணித்தார். "நீயே பாரு பிரதீபா. கப்பல் எவ்வளவு ஒசரத்துல நிக்குது!"

"கப்பலைப் பாக்காதண்ணே. கரையைப் பாரு. தினம் காலையில மணல் முடிஞ்ச இடத்துல மூங்கில் கழி நடுறாங்கள்ல? போன வாரக் கழிக்கும் கழிக்கும் நடுவுல எவ்வளவு, இந்த ரெண்டு நாள்ல எவ்வளவுன்னு அளந்து பாருங்க."

கம்பெனி சர்வேயர் டேப்பை நீட்டினார். அதை யாரும் தொடவில்லை. கம்பெனி டேப் கம்பெனிக்குத்தானே பேசும்? வசந்தகுமார் வலைக்கயிறு ஒன்றை எடுத்துவரச் சொல்லி, இரண்டு கையையும் விரித்துப் பாகம் பாகமாகத் தானே அளந்தார். போன வாரக் கழிகளுக்கு நடுவே ஐம்பத்தொரு பாகம். கடைசி இரண்டு நாளும் ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு. நம்பாமல் மறுபடியும் முதலிலிருந்து அளந்தார். வேறொருவரைவிட்டு மூன்றாம் முறையும் அளக்கவைத்தார். ஆள் மாறினால் கை நீளம் மாறுமே என்று கூட்டத்தில் ஒரு சர்ச்சை வேறு கிளம்பியது. பம்ப் ஓடாமல் நிற்கிற ஒவ்வொரு நிமிடத்தையும் பிரதீபா எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சரி, அஞ்சு பாகம் கூடத்தான் இருக்கு" என்றார் வசந்தகுமார் கடைசியில். "நாளைக்கே குறைஞ்சு போச்சுன்னா? தெக்குக் கோடிக்கு மணல் வராமப் போனா யாரு பதில் சொல்றது?"

"தெக்குக் கோடியில கடைசி வீடு யாருதுண்ணே?"

வசந்தகுமார் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

"எங்கம்மாது. என் கணக்குத் தப்பினா கடலுக்குள்ள மொதல்ல போறது அதுதான். இதுக்கு மேல உங்களுக்கு என்ன பதில் வேணும்?"

கூட்டம் எல்லையம்மாள் பக்கம் திரும்பியது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்டி, என்னை ஒரு வார்த்தை கேக்காம என் வீட்டை வச்சு ஊர்கிட்ட சவால் விடுறியா?" என்று மகளைப் பிடித்துக் காய்ச்சினாள். பிறகு கடலைப் பார்த்துத் திரும்பி, அதைவிடப் பெரிய குரலில், "வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, கயித்தை அவுத்து விடுங்கடா!" என்றாள்.

படகுகள் விலகின. போனது இரண்டு மணி நேரம்.

மூன்று நாள் முடிந்தபோதும் கல்யாணராமன் பெட்டியைக் கட்டு என்று சொல்லவில்லை. தினமும் கழிகள் தெற்கே நகர்வதைத் தொலைநோக்கியில் பார்த்தார். ஆபீஸ் குழுவில் பாரக்கோட்டுப் படம் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அலை அதிகமாக இருப்பதால் படம் சரியாக விழவில்லை என்று பதில் போட்டார். கடல் அப்போது தாம்பாளம் மாதிரி கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் மதியம் மூன்றேகால் மணிக்குக் கடைசி நடையின் மணல் கரையேறி முடிந்தது. ஏலக்கூடம் தப்பியது. பதினேழு வீட்டுக்கு முன்னால் மணல் மேடு எழும்பி நின்றது. பதினெட்டாவது வீட்டின் முன்னால் எட்டரை மீட்டருக்குப் பழைய பள்ளம் அப்படியே கிடந்தது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு விலை, சரியாக ஒரு வீடு. எல்லையம்மாள் வீடு.

வசந்தகுமார் ஃபோன் செய்தார். "பிரதீபா... நான் அன்னைக்கு மூணு தடவை அளக்காம இருந்திருந்தா..."

"அதை விடுண்ணே. குழாய் முனையைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நில்லு. எங்கயும் போயிடாத."

ஆபீஸிலிருந்து உத்தரவு வந்திருந்தது. கடலுக்குள் போய் ஹாப்பரைக் கழுவிவிட்டு, ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். மணல் எடுக்கிற இடத்துக்குக் கப்பல் வந்து சேர்ந்தபோது மணி மூன்று ஐம்பது.

"வருத்தமாத்தான் இருக்கும்மா" என்றார் கல்யாணராமன். "ஆனா இன்னொரு நடைக்கு நேரம் இல்லையே. ஏத்த ஒரு மணி நேரம், போக அரை மணிக்கு மேல, இறக்க ஒரு மணி நேரம். ஆறரை ஆயிடும்."

"முழு நடை யாரு சார் கேட்டா?" அவள் கேப்டன் பக்கம் திரும்பினாள். "சார், வேகத்தைக் குறைங்க."

கேப்டன் கல்யாணராமனைப் பார்த்தார். கல்யாணராமன் ஜன்னலைப் பார்த்தார். கேப்டன் வேகத்தைக் குறைத்தார். பிரதீபா கைப்பிடியை முன்னால் தள்ளினாள். குழாய் கடலுக்குள் இறங்கியது.

பைப் இறங்கியது ஆபீஸ் திரையில் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு நிமிடத்தில் அங்கிருந்து ஃபோன். என்ன நடக்கிறது, பைப் ஏன் கீழே இருக்கிறது என்று யாரோ ஆங்கிலத்தில் கத்தினார்கள். கல்யாணராமன் பொறுமையாகக் கேட்டார்.

"ஆமா, பைப் கீழே இருக்கு. இறக்கச் சொன்னது நான்தான். பேரு வேணும்னா கல்யாணராமன்னு எழுதிக்கோங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலேயே, "முப்பத்தஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட நிக்கக் கூடாது" என்றார்.

"சரி சார்" என்றாள் பிரதீபா. அவர் சொல்லுக்கு அவள் எதிர்ப்பேச்சு பேசாதது அந்த ஒரு தடவைதான்.

ஐந்து மணிக்குக் கப்பல் கரைக்கு எதிரே வந்தது. ஆண்டிமேட்டில் யாரும் பார்த்திராத உயரத்தில் அது நிமிர்ந்து வந்தது. அடிப்பக்கத்தின் சிவப்புப் பெயின்ட் வெயிலில் பட்டையாகத் தெரிந்தது. வசந்தகுமார் குழாய் முனையோடு படகில் தயாராக நின்றார். பொருத்துகிற நேரத்தில் பிரதீபாவின் ஃபோன் அடித்தது.

"என்னடி, கப்பல் இம்மாம் ஒசரமா நிக்குது? உள்ள மணல் இருக்கா, வெறுங்கப்பலா?"

"இருக்கும்மா. உன் வீட்டுக்கு அளவா எடுத்துட்டு வந்திருக்கேன்."

"அளவான்னா?"

"எட்டரை மீட்டர்."

முப்பது வருஷம் மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்றவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கொசுறு ஒண்ணும் கிடையாதா?"

"அரை மீட்டர் போட்டிருக்கேன். ஃபோனை வச்சுட்டுத் தள்ளி நில்லும்மா" என்று சொல்லிவிட்டு, பிரதீபா பம்பைத் திறந்தாள்.