டுவைட்டின் நம்பர்

எங்கள் ஊரில் அப்போதெல்லாம் யார் வீட்டு பார்பெக்யூ விருந்துக்குப் போனாலும், பர்கர் தட்டில் விழுவதற்கு முன்னாலேயே "உன் நம்பர் என்ன?" என்று கேட்பார்கள். சம்பளத்தோடு கம்பெனி உனக்குக் கொடுத்த பங்கு எந்த விலையைத் தொட்டால் வேலையை உதறிவிட்டுப் போவாய் என்று அதற்கு அர்த்தம். சான் ஹோசேயில் அந்த வருடம் நம்பர் இல்லாத ஆளே கிடையாது. என் தங்கை நோரீனின் கணவன் டுவைட்டின் நம்பர் நூறு டாலர்.

அவன் வேலை பார்த்தது இணையத்தில் சோஃபா விற்கிற கம்பெனியில். ஒரு சோஃபா விற்றால் லாரிக் கூலியிலேயே கையைக் கடிக்கும். நிறைய விற்றால் நிறையக் கடிக்கும். ஆனாலும், தலைமுறை தலைமுறையாக நாற்காலி செய்து லாபம் பார்க்கிற தொழிற்சாலைகளைவிட அந்தக் கம்பெனிக்குத்தான் சந்தையில் மதிப்பு அதிகமாக இருக்கப்போகிறது என்று டுவைட் அடித்துச் சொன்னான்.

"லாபமே இல்லையேடா, எதை வச்சு மதிப்பு போடுவாங்க?" என்று கேட்டேன்.

"எத்தனை பேர் எங்க பக்கத்தைத் திறந்து பாக்குறாங்கங்கறதை வச்சு, பெட்ஸி. இதெல்லாம் உனக்குப் புரியாது."

"கடைக்குள்ள எட்டிப் பாத்துட்டு வெறுங்கையோட போறவனுக்கெல்லாம் காசா? நல்லா இருக்கு போ!"

நோரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் தொடங்கிய இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்த கோடைக்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அழுது முடித்த பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வடக்கே ஆரிகன் மாநிலத்தில் மலை மேல் இருக்கும் கிரேட்டர் ஏரியைப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் அப்பா எங்களைக் கூட்டிப்போனார். அன்றைக்குப் பார்த்து ஏரி முழுக்க மூடுபனி. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். அந்தத் தண்ணீரின் நீலத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றாள். காலையில் காரை எடுத்தால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

டுவைட் கெட்டவன் இல்லை. எனக்கு அவன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவளுக்கு ஏரி மட்டும் போதாது என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

"நூறைத் தொடட்டும் நோரீன், வேலையை விட்டுடறேன். முதல்ல ஏரி. அப்புறம் நார்வே, அப்புறம் ஜப்பான். உலகத்தையே காட்டுறேன் பாரு."

"எனக்கு எதுக்கு உலகம்? ஏரி போதும்பா."

அந்த வருடக் கோடையில், கம்பெனிப் பங்கை முதல்முறையாகச் சந்தைக்குக் கொண்டுவருகிற வேலை அவனைப் பிழிந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸ். "ஒரு சனி ஞாயிறு போதுமேடா!" என்று கத்தினேன். இப்போது லீவு கேட்டால் சிரிப்பார்கள் என்றான். நான் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, டுவைட்டோடுதான் பார்ப்பேன் என்று நோரீன் மறுத்துவிட்டாள்.

அக்டோபரில் பங்கு சந்தைக்கு வந்தது. அவன் சொன்னது போலவே நாற்காலித் தொழிற்சாலைகளையெல்லாம் தாண்டிப் போனது. மார்ச்சில் நூறைத் தொட்டது. டிவியில் அதைக் கேட்டதுமே நோரீன் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். அப்போது அவளுக்குச் சாவித் துவாரம் அளவுக்குப் பார்வை மிச்சம் இருந்தது. துணி மடித்து வைக்க நான் போயிருந்தேன்.

டுவைட் கேக் பெட்டியோடு வந்தான். விலை ஒவ்வொரு பத்தைத் தாண்டும்போதும் ஆபீஸில் மணி அடித்து கேக் வெட்டுவார்கள்.

"டிவில ஒரு பேங்க் ஆளு நூத்தறுபது வரைக்கும் போகும்னு சொல்றாரு," என்றான். "இப்ப விக்கிறவனைப் பயந்தாங்கொள்ளின்னு ஓட்டுறாங்க. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க."

"உன் நம்பர் நூறுன்னு சொன்னியே, டுவைட்?" என்றாள் நோரீன்.

"அது பழைய நம்பர், செல்லம்."

நோரீன் கேக்கைத் தடவித் தடவி நறுக்கி ஆளுக்கொரு துண்டு வைத்தாள்.

ஏப்ரலில் விலை சரிந்தது. திரும்ப ஏறும் என்று உட்கார்ந்திருந்தான். ஐம்பதுக்கு வந்தது, இருபதுக்கு வந்தது, அவன் அசையவில்லை. ஜூலையில் ஒரு நாள் காலை சமையலறையில் நோரீன் என்னைப் பார்த்து, "லைட்டைப் போடு பெட்ஸி, இருட்டா இருக்கு" என்றாள். அறை முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய் சுவிட்சைப் போட்டேன். வேறு என்ன செய்ய?

செப்டம்பரில் கம்பெனியை மூடினார்கள். டுவைட் ஒரு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். மறுநாள் காலை, "ஏரிக்குப் போகலாமா?" என்றான். எனக்கு அவனை அறையலாம்போல் இருந்தது. நோரீன் மட்டும், "போகலாமே," என்று எழுந்துபோய் செருப்பைத் தேடினாள்.

மூன்று பேரும் போனோம். மேகமே இல்லாத நாள். அப்படியொரு நீலத்தை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

நோரீன் தடுப்புக் கம்பியைத் துழாவிப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இருக்கு டுவைட்? சொல்லு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூடுபனி, நோரீன்," என்றான். "இந்தத் தடவையும் முழுக்க மூடுபனி. ஒண்ணுமே தெரியல."

பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி தன் புருஷனிடம், "அடேயப்பா, என்னா நீலம்! இங்க வந்து பாருங்களேன்!" என்று கூவினாள். டுவைட் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

நோரீன் அவன் கையைத் தேடிப் பிடித்தாள்.

"சரி, பனி விலகட்டும்," என்றாள். "காத்திருப்போம். உனக்குத்தான் காத்திருந்து பழக்கமாச்சே."