நாலு ரப்பர் கட்டைகள்

மாடியில் தங்கை சினிமா போட்டால் கீழே அண்ணன் வீட்டுக் கண்ணாடி அலமாரி கிடுகிடுக்கும். "உன் ஸ்பீக்கர் என் உயிரை வாங்குது!" என்று மூன்று வருடம் கத்திப் பார்த்தவர், இன்று காலை தானே மெக்கானிக்கைக் கூட்டிவந்து, அந்தப் பெரிய ஸ்பீக்கருக்கு அடியில் நாலு ரப்பர் கட்டைகளை வைக்கச் சொன்னார்.

சாயங்காலம் ஆறு மணி, தங்கை தினமும் படம் போடும் நேரம். அலமாரி அசையவில்லை. அப்பாடா என்று பேப்பரை விரித்தவருக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. போன மாதம் தனியாக இருந்த தங்கை குளியலறையில் மயங்கி விழுந்தபோது, ஆறு மணிக்கு அலமாரி அதிராததைப் பார்த்துத்தானே மேலே ஓடினார்! இனி எதைப் பார்த்து ஓடுவது?

போன் அடித்தார்; எடுக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் மாடியேறிக் கதவைத் தட்டினார். உள்ளே படம் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் குரல் மட்டும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் இடித்தார்.

கதவு திறந்தது. தலையில் ஈரத் துண்டோடு நின்றாள்.

"என்னண்ணா, இன்னும் அதிருதா?"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்லம்மா. அந்த நாலுல ஒண்ண மட்டும் கழட்டிடு."